வட்டிக்கு வரம்பு: ஒரு பழைய நியாயத்தின் சரித்திரம்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் கடன் கொடுப்போரும் உளர்; கடன் கொள்வோரும் உளர். ஆதலின் வட்டியைக் குறித்துப் பேசுவது நமக்குச் சற்றுச் சங்கடமான காரியமே. எனினும், நம் வீட்டுப் பெண்மக்களின் தாலிச் சரடும், பிள்ளைகளின் படிப்பும், முன்னோர் வைத்துச் சென்ற காணியும் வட்டிக் கணக்கில் கரைந்துபோவதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். கண்டும் வாளாவிருத்தல் அறமாகாது. ஆகவே, வட்டிக்கு வரம்பு கட்டுதல் என்னும் நியாயம் நம் நாட்டில் எவ்வாறு இருந்தது, எவ்வாறு போயிற்று, எவ்வாறு திரும்பி வந்தது என்பதை நேயர்களின் முன் வைக்கத் துணிந்தோம்.

நம் பழைய தர்மசாஸ்திரங்கள் வட்டி வாங்குதலை முற்றிலும் விலக்கவில்லை. ஆயின் அதற்கு ஓர் எல்லை வகுத்தன. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்பதே அவ்வெல்லை. நூறு ரூபாய் கொடுத்தவன் எத்தனை காலம் காத்திருந்தாலும், ஒருங்கே கேட்கக்கூடியது முதலும் வட்டியுமாக இருநூறுக்கு மேல் இல்லை. ‘தாம்துபட்’ என வழங்கிய இவ்விதியைப் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் நீதிமன்றங்கள் ஏற்று நடத்தின. நம் சென்னை மாகாணத்திலோ அது சட்டமாக ஏற்கப்படவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வட்டிக்கு வேறொரு வரம்பு இருந்தது. 1773-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டம், இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் பிரஜைகள் நூற்றுக்கு 12-க்கு மேல் வருஷ வட்டி வாங்கலாகாது என்றது. சென்னையிலும் 1802-ஆம் வருஷத்து ரெகுலேஷன் ஒன்று அதே அளவை விதித்தது. பின்னர், வியாபாரம் தன் வழியே செல்ல வேண்டும் என்னும் கொள்கை சீமையில் ஓங்கிற்று. 1854-இல் அங்கே வட்டிச் சட்டங்கள் நீக்கப்பட்டன. மறுவருஷமே, 1855-இல், இங்கும் நீக்கப்பட்டன. அதுமுதல் இரு திறத்தாரும் ஒப்பிய வட்டி எதுவோ அதுவே நீதிமன்றம் கொடுக்கும் வட்டி ஆயிற்று. பசியோடு நிற்பவனும் பணப்பெட்டியோடு அமர்ந்திருப்பவனும் சமமாக நின்று ஒப்புகின்றனர் என்று சட்டம் பாவித்தது!

அதன் பலன் இருபது ஆண்டுகளில் தெரிந்தது. 1875-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் நாள், பூனா ஜில்லாவைச் சேர்ந்த சூபா என்னும் ஊரில் குடியானவர்கள் திரண்டு, லேவாதேவிக்காரர்களின் வீடுகளிலிருந்த கடன் பத்திரங்களைத் தேடியெடுத்துத் தீயிட்டனர். கலகம் சுற்றுப்புறங்களுக்கும் பரவிற்று. அவர்களுக்குப் பகை மனிதரோடு அன்று, காகிதத்தோடு என்பது சிந்திக்கத்தக்கது. அரசாங்கத்தார் விசாரணை நடத்தி, 1879-இல் தக்ஷிண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தை இயற்றினர். நீதிபதி பத்திரத்தில் எழுதியுள்ள தொகையோடு நின்றுவிடாமல், கொடுக்கல் வாங்கலின் ஆதி முதல் கணக்கை ஆராயலாம் என்பதே அதன் சாரம். 1918-ஆம் வருஷத்துக் கொடுவட்டிச் சட்டம் இந்த அதிகாரத்தை மற்ற நீதிமன்றங்களுக்கும் அளித்தது.

சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் துரை 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள் வேறொரு வழியைக் காட்டின. ஊராரே கூடிப் பணம் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் வழி அது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று.

அதன்பின் விளைபொருள் விலை வீழ்ந்த கொடிய காலம் வந்தது. விலை பாதியானபோதும் கடன் பாதியாகவில்லை. 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. முதலைப் போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. நம் மாகாணத்து நீதிமன்றங்கள் ஏற்காத பழைய நியாயம் இவ்வாறு சட்டசபையின் வாயிலாக உள்ளே வந்தது.

கடன் கொடுத்தோர் இதனால் நஷ்டமுற்றனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. சிலர் பெட்டியைப் பூட்டினர். சிலர் கையில் குறைத்துக் கொடுத்து நோட்டில் கூட்டி எழுதக் கற்றனர். நேர்மையான கடன் எளிதிற் கிடைக்கச் செய்யாமல் வட்டிக்கு மட்டும் வரம்பு கட்டினால், கடன் இருட்டுக்குள் ஓடிவிடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இனி இக்காலத்து நிலையைப் பார்ப்போம். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. எனினும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம், இரு பச்சிளங் குழந்தைகளோடு, கடன் கொடுமையால் தீக்கிரையாயிற்று. சூபாவில் பத்திரங்கள் எரிந்தன. இங்கே மனிதர் எரிந்தனர். ஏட்டிலிருக்கும் சட்டம் வீட்டைக் காவாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மற்றொரு புறம், 1984-இல் வங்கிச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, வட்டி மிகை என்னும் காரணத்தால் வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றம் திறந்து பார்த்தலைத் தடுத்தது. ரிசர்வ் வங்கியிற் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களை மாநில லேவாதேவிச் சட்டங்கள் கட்டுப்படுத்தா என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுகடன் நிறுவனங்களுக்கு 2011 முதல் இருந்த வட்டி வரம்பும் 2022 ஏப்ரலில் நீங்கிற்று. 1855-இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்ததாகவே நமக்குத் தோன்றுகின்றது.

நன்மையும் உண்டு. 2024 அக்டோபர் முதல், கடன் வாங்குவோருக்கு அவர் அறிந்த மொழியிலேயே, எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டி வீதத்தைக் காட்டும் குறிப்பை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்தல் வேண்டும். இதன் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். பதினாயிரம் என்று சொல்லி, ரூ.8,500 கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு ரூ.100 வீதம் நூறு நாள் வாங்குகின்றான் தண்டற்காரன். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்பான். நாள்தோறும் முதல் குறைந்து வருவதைக் கணக்கிட்டால், வருஷ வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும்!

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஏழை எளியோர் வாங்கும் சிறு கடன்களில், வட்டியும் தண்டக் கட்டணமும் சேர்ந்து முதலுக்கு மேற்படலாகாது என்று சட்டம் செய்தல். இரண்டாவது, அத்தகைய கடன்களில் கொடுத்தவர் யாராயினும், ஆதி முதல் கணக்கை ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு மீட்டளித்தல். மூன்றாவது, கூட்டுறவுச் சங்கங்களில் சிறு கடன் அலைச்சலின்றிக் கிடைக்கச் செய்தல்.

சர்க்கார் செய்வதைச் சர்க்கார் செய்க. நாம் செய்வதும் ஒன்று உண்டு. கடன் கொடுக்கும் நம்மவர், கையிற் கொடுத்த தொகையையே பத்திரத்தில் எழுதுக; பெற்ற ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுக்க. கடன் கொள்ளும் நம்மவர், படித்துப் பாராத காகிதத்தில் கையொப்பமிடாதிருக்க. படிக்கத் தெரியாத தாய்மார்க்கு, படித்த நம் இளைஞர்கள் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுக. இவ்வளவேனும் நம் சங்கத்தார் கைக்கொள்வாராயின், நம் குடும்பங்களிற் சில காணிகளாவது, சில தாலிகளாவது நிலைத்து நிற்கும் என்பது எமது துணிபு.