சக்கர நாற்காலி டென்னிஸ்: பராலிம்பிக் மகளிர் இரட்டையர்

உடலின் கீழ்ப்பகுதியில் நிலையான இயக்கக் குறைபாடுடைய, ஒரே நாட்டைச் சேர்ந்த இரு வீராங்கனைகள் இணைந்து ஆடும் பராலிம்பிக் பதக்கப் பிரிவு.

விதிகள்: ஆடுகள அளவும் வலையின் உயரமும் வழக்கமான டென்னிஸுக்குரியவையே. பந்து இருமுறை தரையில் பட்டு எழும்பலாம். இரண்டாம் எழும்பல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிகழினும் ஆட்டம் தொடரும். நாற்காலி உடலின் பகுதியாகக் கருதப்படுவதால், எதிரணி அடித்த பந்து அதில் பட்டால் புள்ளி பறிபோகும். சர்வீஸுக்கு முன் நாற்காலி அசையாது நிற்க வேண்டும். பந்தை அடிக்குமுன் ஒருமுறை மட்டும் உந்தலாம். விரைந்து திரும்புவதற்காகச் சக்கரங்கள் மேற்புறம் உட்சாய்வாகப் பொருத்தப்படுகின்றன.

வரலாறு: சக்கர நாற்காலி டென்னிஸ் 1976இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸின் முயற்சியால் உருவானது. 1988 சியோல் பராலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது; 1992 பார்சிலோனாவில் மகளிர் இரட்டையர் பதக்கப் பிரிவானது. விம்பிள்டனில் இப்பிரிவு 2009இல் சேர்ந்தது.

சாதனைகள்: 1992 முதல் டோக்கியோ 2020 வரை எட்டுத் தங்கங்களையும் நெதர்லாந்தே வென்றது. எஸ்தர் வெர்கீர் 2000, 2004, 2012இல் இரட்டையர் தங்கம் பெற்றார். பாரிஸ் 2024 இறுதியாட்டத்தில் ஜப்பானின் யுய் கமிஜி, மனாமி தனாகா இணை, டீட டி குரூட், அனீக் வான் கூட் இணையை வென்று அத்தொடரை முறித்தது.