சீட்டாட்ட விரிப்பு: புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆடுகளத் துணியின் கதை

சாப்பாட்டு மேசையின் மீது விரித்து, ஆட்டம் முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடக் கூடிய, மெத்தென்ற அடிப்பகுதி கொண்ட துணியே சீட்டாட்ட விரிப்பு ஆகும். போக்கர், ரம்மி முதலிய ஆட்டங்களை வீட்டில் ஆடுவோருக்காக இது இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகிறது. பொருள் புதிது. ஆனால் ஆடுவதற்கென ஒன்றை விரிப்பதும், முடிந்தபின் அதைச் சுருட்டி மூலையில் சாத்துவதும் தமிழ் வீடுகளுக்குப் பழைய வழக்கம். மேசைதான் இங்கே பின்னால் வந்தது. விரிப்பு அதற்கு முன்பே இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் இதைப் பார்க்க ஏற்ற இடம். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, 1974இல் தனி மாவட்டமான பகுதி இது. இராயவரம், அரிமளம், கோனாபட்டு, இராமச்சந்திரபுரம் போன்ற நகரத்தார் ஊர்களும் இதனுள் அடங்கும். அந்த வீடுகளின் முகப்பும் திண்ணையும் பட்டாலையும் தரையில் அமர்ந்து பேசவும் கணக்குப் பார்க்கவும் பொழுதுபோக்கவும் கட்டப்பட்டவை. நாற்காலி போட்டு ஆடும் பழக்கம் அங்கே பிற்காலத்தது.

குழியும் கோடும்

மிகப் பழைய ஆடுகளங்கள் எடுத்துச் செல்ல முடியாதவை. புறநானூற்றின் 52ஆம் பாடலில் பாழடைந்த பொதியில் ஒன்று வருகிறது. நரைத்த முதியவர்கள் நாள்தோறும் சூதாட்டக் காயை உருட்டி உருட்டி அங்கே தரையே குழிந்துபோயிருந்தது. ஊர் காடான பிறகு அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. போரின் அழிவைச் சொல்லவந்த புலவர் அதற்கு ஆட்டக்குழியைச் சான்றாக எடுத்தது கவனிக்கத்தக்கது. ஊரில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அவர்கள் ஆடிய இடமே அடையாளமாக நின்றது.

தமிழகக் கோயில்களின் கல் தரைகளிலும் மண்டபங்களிலும் ஆடுபுலியாட்டக் கோடுகளும் பல்லாங்குழிகளும் வெட்டப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். வீடுகளில் தாயக்கட்டம் சுண்ணாம்புக் கட்டியாலோ கரியாலோ தரையில் வரையப்பட்டது. மறுநாள் காலை வாசல் கழுவும்போது அதுவும் அழிந்துவிடும். ஒன்று நிலையாக இருப்பது, மற்றது ஒரே நாளில் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்ததே துணி.

சுருட்டி வைக்கும் களம்

சொக்கட்டான் ஆட்டத்துக்கான களம் சிலுவை வடிவில் தைத்த துணி. நான்கு கைகளிலும் கட்டங்கள் இருக்கும், நடுவில் காய்கள் சென்று சேரும் சதுரம். ஆட்டம் முடிந்ததும் காய்களையும் சோழிகளையும் உள்ளே வைத்து அதே துணியைச் சுருட்டிக் கட்டிவிடலாம். களமே பையாகிவிடும். இன்றைய விரிப்போடு வரும் உருளைப் பை அந்த வேலையைத்தான் செய்கிறது. வட இந்தியாவில் சௌபர், பச்சீசி எனப்படும் இவ்வாட்டம் இங்கிலாந்தில் உருமாறி 1896இல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. துணியாக இருந்த களம் அங்கே அட்டையாயிற்று.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதமும் விரிக்கும் படம்தான். பாம்பும் ஏணியும் தீட்டிய அந்தத் தாள், ஏகாதசி முடிந்தால் அடுத்த ஆண்டுவரை சுருண்டு கிடக்கும். பல்லாங்குழிப் பலகையிலும் கீல் வைத்து இரண்டாக மடிக்கும் வகை உண்டு. ஆட்டத்துக்கென நிரந்தர இடம் ஒதுக்காத வீடுகள் கண்டுபிடித்த வழிகள் இவை. கூடம் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஆடுவதற்கும் பொதுவானது. எதை விரிக்கிறோமோ அதுவே அந்த நேரத்தில் அறையின் பயனைத் தீர்மானித்தது.

சீட்டு கேட்ட தரை

இந்தியாவில் சீட்டு பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று பாபரின் நினைவுக்குறிப்பில் உள்ளது. 1527இல் சிந்துப் பகுதிக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதாக அவர் எழுதினார். கஞ்சிஃபா வட்டமானது, அரக்குப் பூச்சு கொண்டது, தடித்தது. பிறகு ஐரோப்பியர் வழியாக வந்த 52 சீட்டுக் கட்டு மெல்லிய தாளால் ஆனது. இந்த மாற்றம் ஆடும் தரைக்குப் புதிய சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்தது.

சொக்கட்டான் காயைக் கல் தரையிலிருந்தும் எளிதாக எடுக்கலாம். மெல்லிய சீட்டு வழுவழுப்பான தரையில் ஒட்டிக்கொள்ளும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லோ மெருகேற்றிய சிமெண்டுத் தரையோ ஆனால் நகத்தால் சுரண்டித்தான் தூக்கவேண்டும். அப்படிச் சுரண்டிய சீட்டின் ஓரம் மடங்கும். ஓரம் மடங்கிய சீட்டைப் புறத்திலிருந்தே அடையாளம் காணலாம் என்பதால் ஆட்டத்தின் நேர்மையே கெட்டுப்போகும். மெத்தென்ற விரிப்பின் முதல் பயன் இதுதான். விரல் அழுத்தும் இடத்தில் துணி சற்று அமுங்க, சீட்டின் எதிர் ஓரம் தானாக எழும்பும்.

தமிழ் வீடுகள் இதற்குக் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தின. கோரைப்பாய் குளிர்ச்சியானது, சீட்டும் அதில் நன்றாக வழுக்கிச் செல்லும். ஆனால் பாயின் அடியில் தரை கடினம், கோரை இடுக்கில் சில்லறைக் காசு சிக்கும். பவானி ஜமுக்காளம் தடித்த பருத்தி நூலால் நெய்யப்படுவது, பட்டைப் பட்டையான நிறக்கோடுகளுக்குப் பெயர்பெற்றது, 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றது. கல்யாண வீடுகளில் விரிக்கும் அதே ஜமுக்காளத்தின் ஓரத்தில் இரவில் சீட்டுக் கச்சேரி கூடுவது தமிழகமெங்கும் உள்ள காட்சி. நெசவின் மேடுபள்ளத்தில் சீட்டு தடுக்கும் என்பதே அதன் குறை. அதற்கு மேல் ஒரு துண்டையோ வேட்டியையோ நான்காக மடித்துப் போட்டுவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். அடியில் கனம், மேலே வழவழப்பு என இன்றைய தொழிற்சாலை விரிப்பு இரண்டு அடுக்குகளில் செய்வதை அந்த ஏற்பாடு செலவின்றிச் செய்தது.

பச்சைக் கம்பளி

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்தது பெயிஸ் என்னும் நெருக்கமான கம்பளித் துணி. புல்வெளியில் ஆடிய பந்தாட்டம் வீட்டுக்குள் மேசைமேல் ஏறி பில்லியர்ட்ஸ் ஆனபோது, புல்லின் நினைவாகத் துணிக்குப் பச்சை நிறம் வந்தது என்பர். சீட்டு மேசைக்கும் அதே துணியை ஒட்டினர். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வீடுகளில் மடித்துச் சுவரோரம் நிறுத்தும் பச்சைத்துணிச் சீட்டு மேசைகள் இருந்தன. ஆங்கிலேய அதிகாரிகளின் கிளப்புகள் வழியாக அந்தப் பச்சை மேசை இந்தியாவுக்கும் வந்தது. ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் உதகை கிளப்பில் எழுதி வைக்கப்பட்டதும் அத்தகைய மேசை ஒன்றை ஒட்டியே.

போக்கர் இன்னும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலும் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களிலும் வளர்ந்த ஆட்டம் அது. இன்று பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் நடுவில் திறந்து வைக்கப்படும். பந்தயத்தைக் குறிக்கும் வில்லைகளும் நடுவில் குவியும். ஆகவே விரிப்பின் மையம் அகலமாக இருக்க வேண்டும். ரம்மிக்கு நடுவில் ஒரு கட்டும் ஒரு திறந்த சீட்டும் வைக்க இடம் இருந்தால் போதும்.

சட்டத்தில் வந்த துணி

துணி விரித்து ஆடுவது பொழுதுபோக்கா, சூதா என்ற கேள்வி பழையது. திருக்குறளில் சூது என்னும் 94ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. அந்த வரிசையே போதும், வள்ளுவர் அதை எதனுடன் சேர்த்தார் என்பதற்கு.

1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் 'பொதுச் சூதாட்ட இல்லம்' எதுவென வரையறுத்தது. சீட்டு, பகடை, மேசை முதலிய கருவிகளை வைத்து, அந்த இடத்தை வைத்திருப்பவர் அதனால் ஆதாயம் அடைந்தால் அது சூதாட்ட இல்லம். கருவிக்கோ இடத்துக்கோ கட்டணம் வாங்குவதும் ஆதாயமே. சமஸ்தானம் இணைந்தபின், மாகாணச் சட்டங்கள் 1949இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் புதுக்கோட்டைப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டன. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. முறைப்படி சோதனையிடப்பட்ட இடத்தில் சீட்டு, பகடை, சூதாட்ட மேசை, துணி, பலகை கிடைத்தால், ஆட்டத்தை அதிகாரி கண்ணால் காணாவிட்டாலும் அவை சான்றாகும். துணியும் அந்தப் பட்டியலில் உண்டு. சுருட்டி ஒளித்துவிடக் கூடியது என்பது சட்டம் எழுதியோருக்கும் தெரிந்திருந்தது.

உறவினர் கூடி வீட்டில் ஆடும் ஆட்டத்தையும் சூதாட்ட இல்லத்தையும் பிரிப்பது விரிப்பின் தரம் அன்று, வீட்டுக்காரர் பங்கு எடுக்கிறாரா என்பதே. திறமையே முதன்மையான ஆட்டங்களுக்கு அந்தச் சட்டம் விலக்கும் அளித்தது. ரம்மி முற்றிலும் வாய்ப்பை நம்பிய ஆட்டம் அன்று, மூன்று சீட்டு ஆட்டத்தைப் போன்றதன்று என உச்ச நீதிமன்றம் 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் கூறியது. போக்கரில் இத்தகைய தெளிவு இல்லை. அதைத் திறமை ஆட்டமாகக் கருதிய கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு நிலைப்பாட்டுக்கு எதிராக, 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. ஆகவே பணம் வைத்துப் போக்கர் ஆடுவோர் விரிப்பைப் பற்றி யோசிக்குமுன் இதை யோசிப்பது நல்லது.

கைப்பேசியில் ஆட்டம் வந்தபின் நிலைமை முற்றிலும் மாறியது. கடனும் தற்கொலைகளும் தமிழ்நாட்டில் பெரிய கவலையான நிலையில், 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டமும் தொடர்ந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டமாகப் பட்டியலிட்ட பகுதியை அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல், பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. துணியில் ஆடியவருக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். சோறு ஆறுகிறது என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் விரிப்பைச் சுருட்டவும் வேண்டும். திரையில் அந்தக் குரலுக்கு இடமில்லை.

தேர்ந்தெடுக்கும்போது

பணமின்றிப் புளியங்கொட்டையோ சோழியோ வில்லையாக வைத்து ஆடும் குடும்பத்துக்கும் நல்ல விரிப்பு பயன்படும். இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை அடியில் நியோப்ரீன் போன்ற நுரை இரப்பரும் மேலே வழவழப்பான பாலியெஸ்டர் துணியும் கொண்டவை. கனம் 2 முதல் 5 மில்லிமீட்டர். மிக மெல்லியதாக இருந்தால் சீட்டு எளிதில் எழும்பாது. மிகவும் கனத்தால் வில்லை அடுக்கு சாயும். வெல்வெட் பார்வைக்கு அழகு, ஆட்டத்துக்கு ஆகாது. அதன் மயிர் சீட்டைப் பிடித்து நிறுத்திவிடும். மலிவான ஃபெல்ட் சில மாதங்களில் உருண்டை உருண்டையாகத் திரியும்.

ஒருவருக்கு மேசையோரத்தில் ஏறத்தாழ 2 அடி வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள விரிப்பில் எட்டுப் பேர் நெருக்கமாகவும் ஆறு பேர் வசதியாகவும் அமரலாம். வாங்குமுன் மேசையை அளக்க வேண்டும். ஓரத்தில் தொங்கும் விரிப்பு முழங்கை பட்டு இழுபடும், வில்லைகள் சரியும்.

வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியிலோ வேறெங்கோ துணி எடுத்து, அரை சென்டிமீட்டர் நுரைத் தகட்டின் மேல் நெருக்கமான பருத்தித் துணியைப் போர்த்தி, மெத்தை உறைபோல் ஓரம் முழுதும் எலாஸ்டிக் வைத்துத் தையற்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். மேசையின் விளிம்பைக் கவ்வி நிற்பதால் இது நழுவாது, கழற்றி உறையை மட்டும் துவைக்கலாம். நிறம் கடும் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் சிவப்புச் சீட்டும் கறுப்புச் சீட்டும் தெளிவாகத் தெரியும். பூப்போட்ட துணியில் கண் சோரும்.

இரப்பர் அடிப்பகுதி கொண்ட விரிப்பை வாரக்கணக்கில் மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. இவ்வட்டாரத்துச் சித்திரை வெயிலில் இரப்பர் இளகித் தேக்கு மெருகில் கறை பதிக்கும். மடித்தால் விழும் கோடு பிறகு போகாது. எனவே ஆடும் பக்கம் வெளியே இருக்கும்படி உருளையாகச் சுருட்டி, பழைய பாயைப் போலவே நிழலான மூலையில் நிறுத்தி வைக்க வேண்டும்.