போருக்குப் பின் இல்லம்: அமெரிக்க முன்னாள் படைவீரர் நீதிமன்றங்களும் குடும்பமும்

போர்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட நாளோடு முடிவடைந்துவிடுகின்றன. படைவீரன் வீடு திரும்பிய பின் அவ்வீட்டினுள் நிகழ்பவை வரலாற்றாசிரியரின் பார்வைக்கு அரிதாகவே வருகின்றன. சங்கச் செய்யுள்களிலும் ஓரளவு இந்நிலையே. முல்லைத்திணை காத்திருத்தலைப் பாடுகின்றது. பாசறையினின்று தலைவனின் தேர் மீளும்போது அதன் கவலை தீர்ந்துவிடுகின்றது. அதன் பின் வரும் ஆண்டுகளுக்குத் திணை வகுக்கப்படவில்லை.

அவ்வாண்டுகளே ஐக்கிய அமெரிக்காவின் நகர நீதிமன்றங்களில் வழக்குகளாக வந்து நின்றன. 2008 சனவரியில் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் நீதிபதி றொபேட் றசல் தொடக்கிவைத்த முன்னாள் படைவீரர் சிகிச்சை நீதிமன்றம் வழக்கமாகச் சட்டச் சீர்திருத்தத்தின் ஒரு கட்டமாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. அது தவறன்று. ஆயினும் குடும்ப வரலாற்றின் வழியாக நோக்குமிடத்து அதன் பொருள் வேறாகத் தோன்றுகின்றது. மனைவியரும் தாய்மாரும் பல தலைமுறைகளாகத் தனியே சுமந்த ஒரு பணியின் பகுதியை அரசு முதன்முறையாக நீதிமன்றத்தின் வாயிலாக ஏற்றுக்கொண்டது. எனினும் அப்பணியைச் சுமந்தவருக்கு அம்மன்றில் எவ்விடம் உரியது என்ற வினாவுக்கு அது தெளிவான விடை அளிக்கவில்லை.

போரின் பின்விளைவுகளை மருத்துவர் அறியாதிருந்தனர் என்று கொள்ளலாகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரரிடையே கண்ட நெஞ்சுப் படபடப்பையும் களைப்பையும் பற்றி யாக்கொப் டா கொஸ்ரா 1871 இல் எழுதினார். 1915 இல் பிரித்தானிய மருத்துவர் சார்ள்ஸ் மயர்ஸ் எறிகுண்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். இவர்கள் கண்ட நோயாளி மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தவன். அவன் வீடு சென்று எவ்வாறு உண்டான், உறங்கினான், பிள்ளைகளோடு எவ்வாறு பழகினான் என்பது அவர்களின் ஆய்வுப்பொருளன்று. குடும்பம் பொதுவெளியில் தோன்றிய வேளைகளும் உண்டு. 1932 இல் வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவை முன்கூட்டியே கோரி முதலாம் உலகப்போர் வீரர்கள் வாஷிங்டனிற் கூடியபோது, அனகொஸ்ரியாச் சமவெளியின் குடிசைகளில் மனைவியரும் குழந்தைகளும் உடனிருந்தனர். யூலை 28ஆம் நாள் படையினர் ஏவப்பட்டு அக்குடிசைகள் எரியுண்டன.

இரண்டாம் உலகப்போரின் இறுதியிலேயே வீடு ஆய்வுக்குரிய பொருளாயிற்று. சமூகவியலாளர் வில்லார்ட் வோலர் 1944 இல் மீண்டுவரும் வீரனைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதே ஆண்டு கொங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி திறந்தது. படிப்பும் வீடும் தொழிலும் கிடைத்தால் மற்றவை தாமே சீராகும் என்பது அச்சட்டத்தின் உள்ளக்கிடை. பெருந்தொகையானோருக்கு அது மெய்யாயிற்று. ஆயினும் 1946 ஆம் ஆண்டில் மட்டும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மணமுறிவுகள் பதிவாயின. அயோவா மாநிலத்தின் 135 குடும்பங்களை ஆராய்ந்த றூபன் ஹில் 1949 இல் வெளியிட்ட நூலில் பிரிவையும் மீள்கூடலையும் இருவேறு நெருக்கடிகளாகக் கொண்டார். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. கணவன் இல்லாத காலத்தில் வரவு செலவையும் பிள்ளைகளின் கண்டிப்பையும் தன் கையில் எடுத்த பெண், அவன் வந்தவுடன் அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டுமா? அவன் எதிர்பார்த்து வந்த வீடு அவன் விட்டுச் சென்ற வீடன்றோ! அது இப்போது இல்லை.

வியட்நாம் போரில் இந்நெருக்கடி வேறு வடிவம் பெற்றது. வீரர்கள் படைப்பிரிவாகச் சென்று படைப்பிரிவாக மீளவில்லை. பெரும்பாலும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஓராண்டுத் தவணை முடிந்ததும் தனியே விமானத்தில் ஊர் திரும்பினர். கப்பற் பயணத்தின் பல நாட்களில் தோழரோடு பேசித் தீர்த்தவை இப்போது வீட்டுக்குள் வந்து இறங்கின. 1979 இல் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல்’ தனி நோயாக இடம்பெற்றது. கொங்கிரஸ் 1983 இல் பணித்த தேசிய ஆய்வு, வியட்நாமிற் பணியாற்றிய ஆண்களில் 100க்கு 15 பேர் ஆய்வு நிகழ்ந்த காலத்திலும் இந்நோய்க்கு உட்பட்டிருந்தனர் எனக் கண்டது. அவ்வாய்வாளர் துணைவியரையும் செவ்வி கண்டனர். நோயுற்றோரின் இல்லங்களில் மண வாழ்க்கைச் சிக்கலும் வன்செயலும் பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகளும் கூடுதலாக இருந்தமை 1992 இல் வெளியான கட்டுரையால் நிறுவப்பட்டது. பெண்கள் அண்டை வீட்டாருக்கும் சொல்லாது வைத்திருந்தவை இவ்வாறு அட்டவணைகளாயின.

இதே காலத்தில் சிறைச்சாலைகள் வேறொரு செய்தியைக் கூறின. 1978 இல் அமெரிக்கச் சிறைவாசிகளில் 100க்கு 24 பேர் முன்னாள் படைவீரராயிருந்தனர். இவ்வெண்ணைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். கட்டாய ஆட்சேர்ப்பு நிலவிய தலைமுறையில் ஆண்களிற் பெரும்பங்கினர் படையிற் பணியாற்றியிருந்தனர். எனவே போர் மனிதனைக் குற்றவாளி ஆக்கிற்று என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. 2011–12 அளவில் அவ்விகிதம் 8 ஆகக் குறைந்திருந்தது. எனினும் ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் சென்றவர்களின் நிலை புதிய கவலையைத் தோற்றுவித்தது. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை அனுப்பப்பட்டான். 2007 இல் தரைப்படையின் தவணை 15 மாதங்களாக நீட்டப்பட்டது. ஹில் வேறுபடுத்திக் கண்ட பிரிவும் மீள்கூடலும் இப்போது ஒரே குடும்பத்தில் மாறிமாறி நிகழ்ந்தன. முதல் மீள்கூடலின் காயம் ஆறுமுன் அடுத்த பிரிவுக்கான கட்டளை வந்தது.

பஃபலோவுக்கு வருவோம். 1989 இல் புளோரிடாவின் மயாமியில் முதலாவது போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றம் அமைந்தது. சிறைக்குப் பதிலாக நீதிபதியின் நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை என்பது அதன் கொள்கை. நீதிபதி றசல் 1995 இல் இம்முறையைத் தம் நகருக்குக் கொணர்ந்தார். பின்னர் உளநோயாளருக்கெனவும் ஒரு மன்றை நிறுவினார். இதனிடையே 2004 இல் அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் படைவீரருக்கென ஒரு முயற்சி நடந்தது. பஃபலோ நீதிமன்றத்தின் தோற்றத்துக்கு 2006 இன் ஒரு நிகழ்ச்சி காரணமாகக் கூறப்படுகின்றது. வியட்நாமிற் பணியாற்றிய ஒருவர் றசலின் முன் தலைகவிழ்ந்து, எதற்கும் விடையளியாது நின்றார். அப்போரிற் பணியாற்றிய இருவர் மன்றில் இருந்தனர். அவரை வெளியே அழைத்துச் சென்று பேசுமாறு நீதிபதி அவர்களைக் கேட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில் உள்ளே வந்தவர் படைவீரனைப் போல் நிமிர்ந்து நின்று, முயன்று பார்ப்பதாகக் கூறினார். தாழ்வாரத்தில் நிகழ்ந்த அச்சிறு உரையாடலே பின்னர் ஒரு நிறுவனமாயிற்று எனலாம்.

அந்நிறுவனத்தின் அன்றாடப் பணி நாடகத் தன்மை அற்றது. அமர்வுக்கு முன் நீதிபதி, வழக்குத்தொடுநர், எதிரியின் சட்டத்தரணி, நன்னடத்தை உத்தியோகத்தர், முன்னாள் படைவீரர் திணைக்களத்தின் இணைப்பாளர், வழித்துணைவரின் இணைப்பாளர் ஆகியோர் ஒன்றுகூடி ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் ஆராய்வர். பின்னர் மன்றில் நீதிபதி அவரோடு நேரே உரையாடுவார். சிறுநீர்ச் சோதனை தூயதா? மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகின்றதா? வேலை கிடைத்ததா? குழந்தையின் பிறந்தநாள் எவ்வாறு கழிந்தது? திணைக்கள இணைப்பாளர் மன்றிலேயே கணினியின் முன் அமர்ந்து மருத்துவமனைத் தவணையைப் பதிவுசெய்வார். தவறியவருக்குக் கண்டிப்பும், சில வேளை சில நாள் தடுப்புக்காவலும் உண்டு. பொதுவாக ஓராண்டுக்குக் குறையாத இந்நெறியை முடித்தவரின் குற்றச்சாட்டு நீக்கப்படலாம் அல்லது குறைக்கப்படலாம்.

நீதிபதி கேட்கும் இவ்வினாக்களை ஊன்றிக் கவனித்தால் அவை சட்டநூலில் இல்லாதவை என்பது புலனாகும். அவை இல்லத்தின் வினாக்கள். சாப்பிட்டாயா, மருந்து குடித்தாயா, இரவு எங்கே போனாய் என்று ஒரு பெண் கேட்டபோது சினந்து கதவை அறைந்தவன், அதே வினாவை நீதிபதி கேட்டபோது “ஆம், ஐயா” என்று விடையிறுத்தான். அதிகாரத்தின் இவ்விடமாற்றமே இந்நீதிமன்றத்தின் வலிமை. நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கேள்விகளைப் பல ஆண்டுகள் ஊதியமின்றிக் கேட்டவள் பார்வையாளர் வாங்கில் அமர்ந்திருந்தாள்.

வழித்துணைவர் என்போர் ஊதியம் பெறாத முன்னாள் படைவீரர். நீதிமன்ற நாளில் உடன் நிற்பதும், சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப்பெற உதவுவதும், வீட்டு வாடகைக்கு வழி தேடுவதும், வேளையற்ற வேளையில் தொலைபேசியை எடுப்பதும் அவர்தம் பணி. பஃபலோவில் இவர்களிற் பலர் வியட்நாம் தலைமுறையினர். தமக்குக் கிடையாதுபோன ஒன்றைத் தம் பிள்ளைகளின் வயதினருக்கு அளிக்க முன்வந்தோர் என்பதில் ஒரு சோகமும் உண்டு. வழித்துணைவருக்கும் வீடு உண்டு; இரவு மணி அடிக்கையில் விழித்துக்கொள்ளும் மற்றொருவரும் அவ்வீட்டில் உண்டு. இப்பணியின் சுமை ஓர் இல்லத்திலிருந்து நீங்கி முழுதும் அரசிடம் சென்றதென்று சொல்வதற்கில்லை. அதில் ஒரு பங்கு வேறோர் இல்லத்துக்குச் சென்றது.

மனைவியின் நிலை இன்னும் சிக்கலானது. பொலிஸை அழைத்தவள் பல வழக்குகளில் அவளே. கணவன் மீண்டும் குடிக்கத் தொடங்கினான் என்பதை முதலில் அறிபவளும் அவளே. அதை உத்தியோகத்தரிடம் கூறினால் அவன் தடுப்புக்காவலுக்குச் செல்லலாம், கூறாவிடின் அடுத்த இரவு அவளுடையது. இதில் பணமும் கலந்திருக்கின்றது. பாரதூரமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருக்கும் வீரரின் ஊனக் கொடுப்பனவு 61ஆம் நாளிலிருந்து வெட்டப்படும். 100க்கு 20 அல்லது அதற்கு மேல் ஊனமெனக் கணிக்கப்பட்டவர் அதன்பின் 10க்குரிய தொகையையே பெறுவார். நிறுத்தப்பட்ட பங்கைத் தமக்குப் பிரித்தளிக்குமாறு குடும்பத்தினர் தனியே விண்ணப்பிக்க வேண்டும். எனவே சிறையா சிகிச்சையா என்ற தீர்ப்பு அவ்வீட்டு வாடகையைப் பற்றிய தீர்ப்புமாகும். கணவன் விடுதலை பெறவேண்டும் என்று மன்றில் மன்றாடும் பெண்ணின் சொற்களை அன்பு என்றோ அச்சம் என்றோ ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

இந்நீதிமன்றங்களை எதிர்த்தோர் இருவகையினர். அமெரிக்கக் குடியியல் உரிமைச் சங்கத்தின் நெவாடாக் கிளையினர் போன்றோர், படைத்தகைமை காரணமாக ஒரு வகுப்பினருக்கு மட்டும் தனிச்சலுகை வழங்குதல் சமத்துவத்துக்கு முரண் என்றனர். இவ்வாதம் வலிதாயினும், உளநோயாளருக்கும் போதைக்கு அடிமையானோருக்கும் தனி மன்றுகள் ஏற்கெனவே இருந்தமையால் அதன் கூர் மழுங்கிற்று. மற்றைய எதிர்ப்பு ஆழமானது: மனைவியை அடித்தவனுக்கு, அவன் அணிந்த சீருடையின் பெயரால் மதிப்பு வழங்கும் மன்றில் இடமளிக்கலாமா? சில நீதிமன்றங்கள் வன்செயல் வழக்குகளை முற்றாக விலக்கின. விலக்கினால் சிகிச்சை மிக வேண்டப்படும் இல்லமே வெளியே நிற்கும். ஏற்றாலோ, நெறியை முடித்த நாளில் மன்று முழுதும் கைதட்டும்போது அடிபட்டவளும் கைதட்டவேண்டிய நிலை வரும்.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் இவ்விக்கட்டை அறியும். 2009 நவம்பரில் போட்டர் எதிர் மக்கலம் வழக்கில், கொரியப் போரிற் கடுஞ்சமர் கண்ட ஒருவரின் படைச்சேவையை முன்னைய சட்டத்தரணி எடுத்துரைக்காமை பெருங்குறை என அம்மன்று தீர்ப்பளித்தது. போர்முனையில் நின்றோருக்கு இரக்கம் காட்டும் நெடிய மரபொன்று இந்நாட்டில் உண்டு என்றும் சுட்டியது. அவர் 1986 இல் தம் முன்னாள் துணைவியையும் மற்றொருவரையும் கொன்றவர். சட்டப் பாடநூல்களில் இத்தீர்ப்பு சட்டத்தரணியின் கடமையைப் பற்றியதாகவே கற்பிக்கப்படுகின்றது. அவ்விரக்க மரபின் விலையை யார் கொடுத்தார் என்ற வினாவும் அதனுள் உண்டு.

விடை தேடும் முயற்சிகள் இல்லாமலில்லை. முன்னாள் படைவீரர் திணைக்களம் 2009 முதல் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் தன் உத்தியோகத்தரை அனுப்பியது. 2010 இன் சட்டம், ஊனமுற்ற வீரரை வீட்டிற் பராமரிப்போருக்கு உதவிக் கொடுப்பனவை ஏற்படுத்திற்று. மனைவியின் உழைப்பு உழைப்பே என்று அரசு ஏட்டில் எழுதப்பட்டது ஒரு திருப்பம். பொஸ்ரனில் உருவான ‘வீட்டில் வலிமை’ என்னும் பன்னிரண்டு வாரக் குழு நெறி, துணைவிமீதான வன்செயலைக் குறைப்பதாக 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்நெறியில் ஆண்களின் சொல்லை மட்டும் நம்பாது துணைவியரிடமும் கேட்டறியப்பட்டது. 2020 ஓகஸ்டில் இந்நீதிமன்றங்களுக்கு மத்திய அரசின் உதவியை ஒருங்கிணைக்கும் சட்டம் ஒப்பம் பெற்றது. அதற்குள் அவற்றின் தொகை 500ஐத் தாண்டியிருந்தது.

இந்நீதிமன்றங்களின் பயனை அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் மீண்டும் கைதானோரின் தொகையையும் நெறியை முடித்தோரின் தொகையையுமே எண்ணுகின்றன. முடித்தவர் வீடு சென்ற பின் அவ்வீட்டில் இரவில் எவரேனும் விழித்திருக்கின்றனரா என்பது அவற்றிற் கேட்கப்படும் வினாவன்று. பொஸ்ரன் ஆய்வாளர் செய்ததுபோல் துணைவியரை நேரே கேட்டால் அதற்கும் விடை கிடைக்கும். 1980களின் தேசிய ஆய்வுக்கு உரிய செவ்விகளில் அவர்கள் பேசியே இருக்கின்றனர்.