பவுன் நூறு ரூபாய்க்கு வித்த காலம்

உப்பூர் பக்கம் இருந்து வர்ற வயசான நோயாளிங்ககிட்ட "என்ன வயசு?"ன்னு கேட்டா நேரடியா நம்பர் வராது சொந்தங்களே. "புயலடிச்ச வருசம் எனக்குப் பத்து வயசு தம்பி", "புயலுக்கு மறுவருசம் எனக்குக் கல்யாணம்", இப்படித்தான் பதில் வரும். ஆதார் அட்டையைப் பார்த்தா பல பேருக்கு ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தநாள்! எங்க கரையில 'புயல்'னா ஒரே புயல்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல். அதை வச்சுக் கூட்டிக் கழிச்சு நானே ஒரு வயசு எழுதிக்குவேன்.

அப்படி ஒரு அப்பத்தா வந்திருந்துச்சு. "புயலப்ப மூத்தவன் கைப்பிள்ளை"ன்னு சொன்னதால எண்பதை ஒட்டின வயசுன்னு போட்டேன். கூட வந்த பேரன் தோள்ல எழுபது நாள் பச்சைக் குழந்தை. பிறந்தப்ப போட்ட பிசிஜியோட சரி, ஆறாவது வாரத்து ஊசி போடல. "ஏன் தம்பி?"ன்னு கேட்டேன். போனை எடுத்து ஒரு வாட்சப் பார்வர்டைக் காட்டினார்.

1962-ல பவுன் நூறு ரூபாய். ஒரு ரூபாய் இருந்தா குடும்பமே வயிறாறச் சாப்பிடலாம். சர்க்கரை இல்லை, கேன்சர் இல்லை, ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அமெரிக்காக்காரனே அறுபதுகளைத்தான் பொற்காலம்னு சொல்றான். இதுதான் அதோட சாரம். உங்களுக்கும் வந்திருக்கும்.

"இதெல்லாம் பொய்"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். ஆனா முழுப் பொய் இல்லையே. அதனால கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

முதல்ல தங்கம். 1962-ல 10 கிராம் ஏறக்குறைய 120 ரூபாய். எட்டு கிராம் பவுன் நூறுக்குள்ள அடங்கிடும். உண்மைதான்.

கூலி எவ்வளவு? இதை எந்தப் பார்வர்டும் சொல்லாது. 1956-57-ல மத்திய அரசு எடுத்த இரண்டாவது விவசாயத் தொழிலாளர் விசாரணையில ஆண் கூலி சராசரியா நாளைக்கு 96 நயா பைசா. பெண்ணுக்கு 59. அதுக்கு ஆறு வருசம் முன்னாடி ஆணுக்கு 109 பைசாவா இருந்தது, ஏறாம இறங்கியிருக்கு. ஆக அந்த நூறு ரூபாய் பவுனுக்கு ஒரு ஆள் நூறு நாளுக்கு மேல உழைக்கணும், அதுவும் ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காம. வருசம் முழுக்க வேலையும் கிடையாது. வானம் பார்த்த ராமநாதபுரம் சீமையில இதை நான் விளக்கணுமா?

'நயா பைசா'ங்கிறது இளைய தலைமுறைக்குப் புதுசா இருக்கும். 1957 ஏப்ரல் 1-ல இருந்துதான் ரூபாய்க்கு 100 பைசா கணக்கு. அதுக்கு முன்னாடி 16 அணா. ஒரு அணா 6 பைசா, நாலு அணா 25 பைசான்னு மாத்திக் குடுக்கிறதுல நடந்த சண்டைகள் தனிக் கதை. அதே சமயத்துல படியும் வீசையும் போய் கிலோ வந்தது. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நாட்டுல நூத்துக்கு 28 பேர்தான் (1961 கணக்கு). அவங்க கையில புதுக் காசையும் புது எடைக்கல்லையும் குடுத்தா எவ்வளவு ஏமாந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிங்க.

அரிசிக்கு வருவோம். 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கிறது எவ்வளவு பெரிய வாக்குறுதின்னு உங்க தாத்தாவைக் கேளுங்க. ஆட்சிக்கு வந்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி கொடுத்ததே சாதனையாப் பேசப்பட்டது. ஒரு படி அரிசி சுமார் ஒன்றரைக் கிலோ. அதாவது ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கிடைச்சா அதுவே சலுகை விலை!

1963-ல நாடாளுமன்றத்துல ஒரு பெரிய சண்டையே நடந்தது. ராம் மனோகர் லோகியா எழுந்து, இந்தியாவுல 27 கோடிப் பேர் தினம் மூணு அணாவுல வாழறாங்கன்னார். நேரு, இல்லை பதினஞ்சு அணான்னார். மூணா பதினஞ்சாங்கிறதுதான் சண்டை. பதினஞ்சுன்னே வச்சுக்கிட்டாலும் ஒரு ரூபாய்கூட இல்லை, கவனிச்சீங்களா?

அதுக்கு முந்தின வருசம், 1962-ல, திட்டக் கமிஷன் அமைச்ச நிபுணர் குழு ஒண்ணு கணக்குப் போட்டது. ஒரு ஆள் குறைஞ்சபட்சம் உயிர் வாழ மாசம் 20 ரூபாய் வேணும், அஞ்சு பேர் குடும்பத்துக்கு 100 ரூபாய். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மாசம் 25 நாள் அந்தக் கூலிக்கு வேலை பார்த்தாலும் நாற்பது ரூபாயைத் தொடாது. இந்த 20 ரூபாய்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. மருத்துவச் செலவும் படிப்புச் செலவும் அதுல சேர்க்கப்படவே இல்லை. ரெண்டையும் அரசாங்கம் பார்த்துக்கும்னு எடுத்துக்கிட்டாங்க. அரசு ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுற எனக்கு, என் வேலைக்கான நியமன உத்தரவே அந்த வரிதான்னு தோணும்.

ஆனா 1962-ல அந்த ஆஸ்பத்திரி எங்க இருந்தது? நம்ம ஜில்லாவோட கலெக்டர் ஆபீசே மதுரையிலதான் இருந்தது சொந்தங்களே. பெரிய வைத்தியம்னா அதுவும் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். உப்பூர்ல இருந்து வண்டி கட்டி, ரயில் பிடிச்சு... போய்ச் சேர்றதுக்குள்ள பாதி வியாதிக்கு முடிவு தெரிஞ்சிடும்.

சரி, அமெரிக்கா? 1961 செப்டம்பர்ல அங்க சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 1 டாலர் 15 சென்ட். அன்னிக்கு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக அவங்க ஒரு மணி நேரக் கூலி நம்ம காசுல ஐந்தரை ரூபாய், நம்ம ஆளோட ஆறு நாள் கூலிக்குக் கிட்ட. மெக்டொனால்ட்ஸ் பர்கர் 15 சென்ட். ஒரு மணி நேரம் உழைச்சா ஏழு பர்கர். அந்த நாட்டுக்காரன் பொற்காலம்னு சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. (அங்கேயும் பண்ணைக் கூலிகளுக்கு அந்தச் சட்டம் அப்ப கிடையாது. கறுப்பின மக்கள் பல ஊர்கள்ல வெள்ளைக்காரன் பக்கத்துல உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. பொற்காலம் யாருக்குங்கிறது எந்த ஊர்லயும் கேக்க வேண்டிய கேள்வி.)

நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுல ஒரு கப்பல் ஓடிக்கிட்டே இருந்தது. பி.எல். 480 கோதுமை. 1960 மே மாசம் போட்ட ஒப்பந்தத்துல மட்டும் நாலு வருசத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-ல இருந்து கேர் அமைப்பு மூலமா அமெரிக்கப் பால் பவுடர் வந்தது. அப்பத்தாவுக்கு அந்தப் பவுடர் பால் இன்னமும் ஞாபகம் இருக்கு. "எந்தம்பி பள்ளிக்கூடத்துல இருந்து மடியில கொட்டிக்கிட்டு வருவான், நக்கித் தின்போம்"னு சொல்லிச் சிரிச்சுச்சு. பொற்காலத்துப் பிள்ளைகளோட வயித்தைக் கடல் தாண்டி வந்த பவுடர் நிரப்பியிருக்கு.

இப்ப நோய்க்கு வருவோம். இதுல பார்வர்டு சொல்றது பாதி சரி. 1970-களின் தொடக்கத்துல ஐசிஎம்ஆர் எடுத்த ஆய்வுல சர்க்கரை நோய் நகரத்துல 2.1 சதவீதம், கிராமத்துல 1.5 சதவீதம். 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல நாடு முழுக்க 11.4. உட்கார்ந்த வேலையும் மூணு வேளை சோறும் செஞ்ச வேலை இது, மறுக்கல. ஆனா 1951-61 பத்தாண்டுல இந்தியரோட சராசரி ஆயுள் 41. அமெரிக்கரோடது 70-ஐ ஒட்டி. நாற்பத்தொண்ணு சராசரிங்கிறதுக்கு எல்லாரும் 41-ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்லை. குழந்தையிலேயே போனவங்க கணக்குதான் அதை அவ்வளவு கீழே இழுத்தது. பிறந்த ஆயிரத்துல 146 குழந்தைங்க முதல் பிறந்தநாளைப் பார்க்கல. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல அது 13.

டிபி வந்தா என்ன ஆகும்னு 1961-ல வந்த 'பாலும் பழமும்' பாருங்க. நாயகி வீட்டை விட்டே போயிடுவாங்க. இத்தனைக்கும் 1959-லயே சென்னையில இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டுல வச்சு மாத்திரை கொடுத்தாலே சானடோரியத்துக்குச் சமமா குணமாகும்னு நிரூபிச்சு உலகத்துக்கே வழிகாட்டியாச்சு. அந்தச் சேதி சினிமாவுக்கு இன்னும் வந்து சேரல. அந்தக் காலத்துச் சேதியோட வேகம் அது. புயல் ராத்திரியில பாம்பன்ல இருந்து போன 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை எட்டுறதுக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட பயணிகளோட கடலுக்குள்ள போச்சு. நிறுத்தச் சொல்லி முன்னால போய்ச் சேர ஒரு சேதி இல்லை.

அமெரிக்காவுலயும் பணத்தால எல்லாம் முடியல. 1963 ஆகஸ்ட் 7-ல ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிரசவம், எடை 2.1 கிலோ, நுரையீரல் விரியல. பாஸ்டன்ல உலகத்துச் சிறந்த டாக்டர்கள் சுத்தி நின்னாங்க. 39 மணி நேரத்துல குழந்தை இறந்துபோச்சு. இன்னிக்கு அரசு மருத்துவக் கல்லூரி பச்சிளங்குழந்தைப் பிரிவுல அதே எடைக் குழந்தைக்கு நுரையீரலுக்குள்ள சர்ஃபாக்டன்ட் மருந்தை விட்டு, மூச்சுக்கு உதவி கொடுத்து, அம்மா கையில ஒப்படைக்கிறாங்க. அம்மா மீன் விக்கிறவங்களா இருக்கலாம், மிளகாய்க் காட்டுல பழம் பறிக்கிறவங்களா இருக்கலாம். பில் கிடையாது.

"ஊசி இல்லாத காலம்"னு பேரன் சொன்னதும் அப்பத்தாவைக் கையை நீட்டச் சொன்னேன். முழங்கைக்குக் கீழ காசளவுல வட்டத் தழும்பு ரெண்டு. பெரியம்மைத் தடுப்பு. வட்டமா முள்ளு வச்ச கருவியை மருந்து மேல வச்சு ஒரு திருகு திருகுவாங்க. 1962-ல தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கினப்ப ஊர் ஊரா வந்து குத்தினது அதுதான். ஊசி போடாதவங்களுக்குப் பெரியம்மை வந்தா பத்துல மூணு பேர் பிழைக்க மாட்டாங்க. 1975-ஓட அந்த நோய் இந்தியாவுல முடிஞ்சது. பேரன் கையில அந்தத் தழும்பு இல்லாததுக்குக் காரணம் அப்பத்தா கையில இருக்கு.

"எத்தனை பிள்ளைக அப்பத்தா?"ன்னு கேட்டேன்.

"எட்டுப் பெத்தேன், அஞ்சு தங்குச்சு. ஒண்ணு கக்குவான்ல போச்சு. ஒண்ணு பிறந்த ஏழாம் நாள் வெட்டி வெட்டி இழுத்துச்சு. இன்னொண்ணு என்னன்னே தெரியல தம்பி."

ஏழாம் நாள் இழுப்புங்கிறது தொப்புள்கொடி வழியா வர்ற ரண ஜன்னி. அதைத் தடுக்கிறது கர்ப்பத்துல அம்மாவுக்குப் போடுற ஊசி. கக்குவான், அந்தக் குழந்தைக்குப் போட வேண்டிய ஆறாவது வாரத்து ஊசி தடுக்கிற நோய். பேரன் இந்தக் கணக்கை அதுவரை கேட்டதே இல்லையாம். "எங்க அப்பாகூட சொன்னதில்ல சார்"னார். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லல.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மூணு பேரும் வந்திருந்தாங்க. சிஸ்டர் ஊசியைப் போட்டதும் பிள்ளை வீறிட்டுக் கத்துச்சு. அப்பத்தா வாங்கித் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, "அம்மை குத்துறவர் வந்தப்ப நான் வைக்கப்படப்புக்குள்ள போயி ஒளிஞ்சேன், எங்கய்யா காலைப் பிடிச்சு இழுத்தாந்து குத்தவிட்டாரு"ன்னுச்சு. அடுத்த தவணை நாலு வாரம் கழிச்சுன்னு அட்டையில தேதி எழுதிக் கொடுத்தேன்.

(அப்பத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரு மட்டும் போட வேண்டாம்னு சொல்லிடுச்சு.)