ஹாலோவீன் கைவினை அணிகலன்கள்

ஹாலோவீன் கைவினை அணிகலன்கள் என்பவை, ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் இரவுக்காகக் கையால் செய்யப்படும் தோடுகள், பதக்கங்கள், கைச்சங்கிலிகள், ப்ரூச்சுகள் ஆகியவை. மண்டையோடு, எலும்புக்கூடு, வௌவால், சிலந்தி, கறுப்புப் பூனை, பூசணி முகம் முதலியன இவற்றில் அடிக்கடி காணப்படும் உருவங்கள். கறுப்பும் ஆரஞ்சும் இவற்றுக்குரிய நிறங்கள்.

நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவே ஹாலோவீன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கொண்டாடப்பட்ட பழைய விழாவின் சாயல் அதில் உண்டு. அந்த நாடுகளில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள், கிழங்கைவிடக் குடைய எளிதான பூசணிக்காய்க்கு மாறினார்கள். டொனகால் வட்டாரத்து ஃபின்டவுனைச் சேர்ந்த டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிந்த கண்களும் கோணல் பற்களுமாக இருக்கும் அந்த வற்றிய முகத்துக்கு முன்னால், கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மண்டையோடு எதுவும் நிற்காது. கையில் கிடைத்த மலிவான பொருளைக் கொண்டே அச்சத்தை உருவாக்குவதுதான் இந்தக் கலையின் மரபு.

அணிகலனில் மண்டையோடு இடம்பெற்றது வேறு வழியாக. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் சாவை மறவாதிருக்க மண்டையோடும் சவப்பெட்டியும் பொறித்த மோதிரங்களை அணிந்தார்கள். 1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி வாழ்நாள் முழுதும் துக்க உடையிலேயே இருந்தார். அதையொட்டி இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்னும் கறுப்புப் பொருளுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகி உருவானது அது. எடை குறைவு, செதுக்க எளிது, தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். உண்மையான துக்கத்துக்காக அணியப்பட்ட அந்தக் கறுப்பு நகைகளின் சாயலை இன்றைய விளையாட்டு நகைகள் பலவற்றில் காணலாம்.

அமெரிக்க வீடுகளில் ஹாலோவீன் கைவேலை பரவியதில் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிரேப் தாள் விற்ற டென்னிசன் நிறுவனம் 1909இல் தொடங்கி ‘போகி புக்’ என்ற கையேடுகளை வெளியிட்டது. தாளை வெட்டி, மடித்து, தைத்து வேடங்களும் தோரணங்களும் செய்யும் விதத்தை அவை படங்களோடு சொல்லிக்கொடுத்தன. தாளை விற்பதற்காக வந்த கையேடுகள்தாம் என்றாலும், வேடத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இன்று இந்த வேலையில் அதிகம் பயன்படுவது பாலிமர் களிமண். பெயர்தான் களிமண், உண்மையில் அது இளக்கும் பொருள் சேர்த்த பி.வி.சி. பிளாஸ்டிக். மண்டையோட்டு மணி செய்ய, வெள்ளை உருண்டையை உள்ளங்கையில் நன்றாகப் பிசைந்து உருட்டி, கீழ்ப்பாதியை இரு விரலால் லேசாக அழுத்தினால் தாடை வந்துவிடும். கண்குழிகளை மழுங்கிய முனையால் சற்றுப் பெரிதாகவே அழுத்த வேண்டும். சிறிதாக இருந்தால் மண்டையோடு பொம்மை முகமாகிவிடும். பற்களைக் கத்தி முனையால் கீறி, சுடுவதற்கு முன்பே ஊசியால் துளையிட வேண்டும். கறுப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் கறை ஏறும். அதனால் வெள்ளை வேலையை முதலில் முடிப்பார்கள். சுடும் வெப்பம் பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். உறையில் அச்சிட்ட அளவைத் தாண்டிக் கருக விட்டால் நச்சுப் புகை வரும். சுட்டு ஆறியபின் கண்குழியிலும் பல்லிடுக்கிலும் பழுப்பு வண்ணம் பூசி உடனே துடைத்தால், பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கி மணி பழைய எலும்புபோலாகும். இந்த ஒரு வேலைதான் மணிக்கு உயிர் தருகிறது.

வௌவால் தோட்டுக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் தாள் ஏற்றது. வரைந்து, வெட்டி, துளையிட்டு அடுப்பில் சூடாக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தடிக்கும். துளையும் கூடவே சுருங்குமாதலால் அதைப் பெரிதாகவே இட வேண்டும். இந்த நகைகளுக்குப் பூசும், இருளில் ஒளிரும் பூச்சுகளில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் சேர்த்தவை, பழைய துத்தநாக சல்பைடு பூச்சுகளைவிட நீண்ட நேரம் ஒளிரும்.

உருவம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் காதில் படுவது கொக்கிதான். நிக்கல் கலந்த மலிவான கொக்கி பலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். தோலில் படும் நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருக்கிறது. டைட்டானியம், நியோபியம் கொக்கிகள் பாதுகாப்பானவை. இருட்டில் வீடு வீடாக ஓடும் குழந்தைகளின் கழுத்து மாலைக்கு, எதிலாவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிடும் பூட்டைப் பொருத்த வேண்டும்.