தேவாலய வாசலில் முட்டைக்கோசு

யுத்த காலத்துப் புகைப்படங்களில் பீரங்கி இருக்கும், இடிந்த வீடு இருக்கும். முட்டைக்கோசு இருக்குமோ? 1942-ஆம் வருஷம் ருஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தில் எடுத்த படங்களில் இருக்கிறது. பின்னால் செயிண்ட் ஐசக் தேவாலயத்தின் மகா பெரிய தூண்கள். முன்னால், சதுக்கத்து மண்ணில், வரிசை வரிசையாகக் கோசு. ஜார் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் குதிரைமேல் சிலையாக நிற்கும் சதுக்கம் அது. அங்கே காய்கறிப் பாத்தி!

வேடிக்கைக்குப் போட்ட பாத்தி அல்ல. 1941 செப்டம்பர் 8-ஆம் தேதி ஜெர்மானியர் அந்த நகரத்துக்குள்ள தரைவழியை முற்றும் அடைத்தார்கள். முற்றுகை முழுவதும் நீங்கியது 1944 ஜனவரி 27-இல்; 872 நாட்கள். முதல் குளிர்காலந்தான் எமகாலம். நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். அதை ரொட்டி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் மரக்கூழும் அதில் கலந்திருந்தன. முற்றுகையில் மாண்டவர்கள் 6,32,000 பேர் என்று நியூரம்பர்க் விசாரணையில் கணக்குச் சொன்னார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அதுவும் குறைவு என்கிறார்கள்.

பனி உருகியது. பிழைத்தவர்கள், நிற்கத் தெம்பில்லாதவர்கள், மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துத் தெருவைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கும் பிணமும் அகன்ற பிறகு, அதே கைகள் மண்ணைக் கொத்தின. பூங்காக்கள், வீட்டு முற்றங்கள், சேனை அணிவகுக்கும் மார்ஸ் மைதானம் எல்லாம் பாத்திகளாயின. கோசு, பீட்ரூட், காரட், டர்னிப், உருளைக்கிழங்கு. விதைத்தது முளைக்கும்வரை எப்படித் தாங்குவது? காஞ்சொறி இனத்துக் கீரையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். எந்தக் களையைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று தாவரசாஸ்திரிகள் சிறு புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏன் கோசு? காரணம் உண்டு. பச்சைக் காய்கறி இல்லாமற்போனால் பல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். குளிர்காலத்தில் அதைத் தடுக்கப் பைன் மர ஊசியிலையை ஊறவைத்துக் கசப்புக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். கோசோ, குளிர்ச்சியை விரும்பும் பயிர். அந்த நாட்டுக் கோடை சொற்பம். ஆனால் ஜூன் மாதத்தில் பத்தொன்பது மணி நேரம் பகல். அந்த வெளிச்சத்தில் கோசு நன்றாகத் திரளும். உப்பிட்டுப் புளிக்கவைத்தால் சத்தும் பெரிதும் கெடாமல் பனிக்காலம் முழுக்க வரும்.

என் வீட்டுக் கொல்லையிலும் நாலு பாத்தி இருக்கிறது. வெண்டையும் அவரையும் காய்த்தால் சந்தோஷம். பூச்சி அரித்தால் கடைத்தெரு இருக்கிறது. கடைத்தெரு இல்லாதவனுடைய பாத்தி எப்படியிருக்கும் என்பதை நான் கற்பனைதான் செய்ய முடியும்.

ஆனால் பாத்திகளே அந்த நகரத்தைக் காப்பாற்றின என்று எழுதினால் அது பொய். லடோகா ஏரி உறைந்தபோது பனிமேல் லாரி ஓட்டி மாவு கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கான பேரை அதே வழியில் வெளியேற்றினார்கள். லட்சக்கணக்கான பேர் மாண்டுபோனதால் உண்ணும் வாய்களும் குறைந்திருந்தன. இந்தக் கொடுமையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பாத்தி செய்தது வேறு: கைநீட்டி ரொட்டிக்குக் காத்திருந்த மனிதனை மறுபடி ஒரு குடியானவனாக்கியது.

அதே சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, இன்றும் இருக்கிறது. நிக்கொலாய் வாவிலோவ் என்ற விஞ்ஞானி உலகமெல்லாம் சுற்றிச் சேர்த்த லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருந்தன. நெல் உண்டு, கோதுமை உண்டு, வேர்க்கடலை உண்டு. சுற்றிலும் பஞ்சம், நடுவில் தானியம். காவலிருந்தவர்கள் அதில் ஒரு பிடியும் எடுக்கவில்லை. நெல் மாதிரிகளைப் பாதுகாத்த டிமித்ரி இவானோவ் பட்டினியால் செத்தார். வேர்க்கடலை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஷூக்கின் தம் மேஜையருகிலேயே செத்தார். இன்னும் பலர். உருளைக்கிழங்கை விதைபோல் உலர்த்தி வைக்க முடியாது, உறைந்தால் அழுகிவிடும். ஆகவே கையில் கிடைத்ததை எரித்து நிலவறையைச் சூடாக வைத்திருந்தார்கள். வசந்தத்தில் அந்தக் கிழங்குகளும் மண்ணுக்குப் போயின.

வாவிலோவ் அங்கே இல்லை. 1940-இலேயே ஸ்டாலின் சர்க்கார் அவரைச் சிறையில் போட்டிருந்தது. உலகத்துக்கு உணவு தேடியவர், 1943 ஜனவரி 26-இல், சராத்தோவ் சிறையில், அரைவயிற்றுக்கும் போதாத சோற்றில் மெலிந்து இறந்தார். 1955-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காதவன்தான் குடியானவன் என்பது நம் கிராமத்து எண்ணம். நெல் வயலையே காணாத அந்தப் பட்டணத்தில், மேஜையடியில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகளுக்கு அதை யாரும் போய்ச் சொல்லவில்லை. கண்முன் இருப்பது இன்றைய சோறு அல்ல, பின்னால் வருகிறவனுடைய வயல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லெனின்கிராடு இப்போது மறுபடியும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. சதுக்கத்தில் பூச்செடியும் புல்தரையும் இருக்கின்றன. விதைகளும் அங்கேதான் இருக்கின்றன.