பிறவாத் தொடரின் ஒற்றன்

கேரி செவன் என்னும் இரகசிய முகவருக்கென ஜீன் ராடன்பெரி 1966-இல் தனித்தொடர் ஒன்றைத் திட்டமிட்டார், அது ஏற்கப்படவில்லை. ஆர்ட் வாலஸுடன் சேர்ந்து அதனையே 'ஸ்டார் டிரெக்' இரண்டாம் பருவத்தின் இறுதிக் கதையாக்கினார். 'அசைன்மென்ட்: எர்த்' என்னும் அக்கதை 1968 மார்ச் 29 அன்று ஒளிபரப்பாயிற்று. கிளைத்தொடருக்கு அது வெள்ளோட்டம்; ஆயினும் தொடர் பிறக்கவேயில்லை.

எனினும் நாம் அதனை மறத்தற்கில்லை. பனிப்போர்க்கால ஒற்றர் கதைகள் பெரும்பாலும் பகைநாட்டை உளவு பார்த்தன. வேற்றுலகத்தார் வளர்த்த இம்மனிதனோ அமெரிக்காவின் அணு ஆயுத ஏவுகலத்தையே குலைக்க வருகிறான். ராபர்ட் லான்சிங் ஏற்ற அவ்வேடத்தை நம்புவதா, தடுப்பதா என்று கப்பல்தலைவர் கிர்க் தடுமாறுகிறார். மனிதகுலம் தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா என்னும் ஐயமே அத்தடுமாற்றம். தொடர் நின்றுபோயிற்று; ஐயம் நம்மோடு இருக்கிறது.